பார உலோகமும் நெற்பயிரும்: சிலிக்கன் நனோத் துணிக்கைகள் பற்றிய ஒரு நோக்கு

மண்ணில் நஞ்சேறுதலைத் தூய தாவரவியற் பிரச்சினையாகக் கருதுவோர் பலர். ஆயின் நஞ்சு தானாக வயலுக்கு வருவதில்லை. யப்பானில், ஜின்சு ஆற்றின் மேற்பகுதியிலிருந்த கமியொக்காச் சுரங்கத்தின் கழிவோடு வெளியேறிய கட்மியம், பாசன நீர்வழியே தொயாமா வயல்களை அடைந்து, சோற்றினூடாக உழவர் உடலிற் சேர்ந்தது. சிறுநீரகம் பழுதுற்று, எலும்புகள் நலிந்து துன்புற்றோருட் பெரும்பாலோர் பல பிள்ளைகளைப் பெற்ற, நடுவயது கடந்த பெண்களே. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்னும் அவர்தம் ஓலமே இத்தாய்-இத்தாய் என நோயின் பெயராயிற்று. அரசு 1968இலேயே காரணத்தை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு வழக்குத் தொடுத்த மக்கள் 1971இலும், மேன்முறையீட்டில் 1972இலும் மிற்சுயி நிறுவனத்துக்கு எதிராக வென்றனர். வயல் மண்ணைச் சீராக்கும் பணியோ 2012 வரை நீடித்தது.

சிலிக்கன் பற்றிய ஆய்வுகளை இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும். நெல் சிலிக்கனைப் பெருமளவில் உறிஞ்சும் பயிர். சிலிசிக்கமில வடிவில் வேர்வழி ஏற்று, இலையிலும் உமியிலும் படியவைக்கிறது. 100 நனோமீற்றருக்குட்பட்ட சிலிக்காத் துணிக்கைகளை மண்ணிலிட்டோ இலையிற் தெளித்தோ நடத்திய பரிசோதனைகளில், கட்மியத்தின் தாக்கம் தணிந்தமை பலமுறை பதிவாகியுள்ளது. கலச்சுவரிற் படியும் சிலிக்கா உலோகத்தை அங்கேயே பிணித்து வைக்கிறது. ஒட்சியேற்றச் சிதைவை எதிர்க்கும் நொதியங்களின் தொழிற்பாடு கூடுகிறது. கட்மியத்தை உள்ளெடுக்கும் பரம்பரையலகுகளின் வெளிப்பாடும் குறைகிறது.

ஆசனிக்கின் கதை இன்னும் சுவையானது. நெல்லின் சிலிக்கன் வாயிலான எல்.எஸ்.ஐ.1 என்னும் பரம்பரையலகு 2006இல் இனங்காணப்பட்டது. நீர் தேங்கிய வயலில் உருவாகும் ஆசனைற்றும் அதே வாயிலாலேயே நுழைகிறது என்பது 2008இல் தெளிவாயிற்று. சிலிக்கன் போதியளவு இருப்பின் அது போட்டியிட்டு ஆசனிக்கைக் குறைக்கும். உயிரூட்டும் வழியே நஞ்சின் வழியுமாதல் இயற்கையின் இயங்கியலன்றி வேறென்ன?

எனினும், இவற்றுட் பெரும்பாலானவை சாடிகளிலும் வளர்ப்பூடகங்களிலும் பெற்ற முடிவுகள் என்பதை மறத்தலாகாது. துணிக்கையின் பருமனும் அளவும் மாறினால் விளைவும் மாறும். அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. சிலிக்கன் உலோகத்தை அழிப்பதில்லை. தானியத்துக்குச் செல்லும் பங்கையே குறைக்கிறது. எஞ்சியது மண்ணிலேயே கிடக்கும். தொயாமா மக்கள் கேட்டது நஞ்சைத் தாங்கும் நெல்லையன்று. கழிவை நிறுத்துவதையும், இழப்பீட்டையும், தூய மண்ணையுமே கேட்டனர். இரசாயனத்தைக் காட்டி அக்கோரிக்கையைத் தட்டிக்கழிக்க முதலாளி வர்க்கம் முனையின் நாம் வியப்படைய மாட்டோம். அதற்காக ஆய்வையே நிராகரிப்பதும் தவறு. வேறு நிலமற்ற விவசாயி அடுத்த போகத்திலும் அதே வயலில்தான் விதைக்க வேண்டும்.

உமிச் சாம்பலின் பெரும்பங்கு சிலிக்காவே. நனோத் துணிக்கைகளையும் அதிலிருந்தே தயாரிக்க முடிகிறது. வயலிலிருந்து ஆலைக்குச் சென்ற உமி, விலையிட்ட பொதியாக அவ்வயலுக்கே திரும்பி வருமா, அன்றி உழவர் கூட்டுறவுகளின் கையிலேயே இருக்குமா என்பதை ஆய்வுகூடம் தீர்மானிக்காது.