வரிசையில் நிற்கும் லொறியின் கணக்கு

கொடிகாமத்தைத் தாண்டி ஏ9 வீதியில் தெற்கே போனால் மிருசுவில், எழுதுமட்டுவாள், பிறகு முகமாலை. 2002இல் பாதை திறந்ததிலிருந்து 2006 ஓகஸ்ட்டில் மூடப்படும்வரை, யாழ்ப்பாணத்துக்குச் சாமான் ஏற்றி வந்த லொறிகள் முகமாலைச் சோதனைச்சாவடியில் வரிசை கட்டி நின்றன. இன்று அந்தச் சாவடி இல்லை. ஆனாலும் களஞ்சிய வாசல்களில் சாரதிகள் காத்துத்தான் கிடக்கிறார்கள். இந்தக் காத்திருப்பு எங்கிருந்து வருகிறது?

விடையைத் தேடத் தொடங்கியவர் ஏர்லாங். டென்மார்க்கில், கொப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அழைப்புகள் வரும் விதத்தை ஆராய்ந்து 1909இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான் வரிசைக் கோட்பாடு: வந்து சேர்பவை எவ்வளவு நேரம் தேங்கும் என்று கணிக்கும் கணிதம்.

ஒரு களஞ்சிய வாசலை எடுப்போம். பற்றுச்சீட்டையும் சாமானையும் சரிபார்த்து, சராசரியாக மணிக்கு 10 லொறிகளை உள்ளே விடலாம். மணிக்கு 5 வந்தால் ஒரு சாரதி சராசரியாக 6 நிமிடம் நிற்பார். 8 வந்தால் 24 நிமிடம். 9 வந்தால் 54 நிமிடம். அந்த நேரத்துக்குள் கொடிகாமத்தில் பஸ் ஏறி யாழ்ப்பாண நகருக்கே போய்விடலாம். சராசரி ஒன்பதரை ஆனால்? 1 மணி 54 நிமிடம்! அரை லொறிதான் கூடியது, காத்திருப்போ இரட்டிப்பைத் தாண்டிவிட்டது.

பத்துப் பேரைக் கவனிக்கக்கூடிய வாசலில் ஒன்பது பேர் ஏன் நிற்கவேண்டும்? லொறிகள் மணியடித்தாற்போல் வருவதில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே வராது, பிறகு நான்கு சேர்ந்து வரும். வாசல் சும்மா இருந்த பத்து நிமிடத்தைச் சேமித்துவைத்துப் பிறகு செலவழிக்க முடியாது. போன நேரம் போனதுதான். வரிசை மட்டும் மிஞ்சும்.

எனக்கு மிகவும் பிடித்த அதிசயம் அடுத்தது. அதே 9 லொறிகளுக்கு இரண்டாவது வாசலைத் திறந்தால் காத்திருப்பு 27 நிமிடமாகக் குறையும் என்றுதான் தோன்றும். கணக்குச் சொல்வது ஏறத்தாழ ஒன்றரை நிமிடம்!

பிறகு ஏன் திறப்பதில்லை? சாரதியின் காத்திருப்புக்கு யாரும் காசு கொடுக்காதவரை, இரண்டாவது வாசலால் களஞ்சியக்காரருக்கு மிச்சப்படுவது ஒன்றுமில்லை. வெயிற்றிங் காசு கொடுக்கவேண்டி வந்தால்தான் வரிசை அவர் கணக்கிலும் ஏறும். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இயற்றிய வேலை நேர விதி இதை நுட்பமாகப் பிடித்திருக்கிறது: எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே தெரியாமல், ஏற்றவோ இறக்கவோ காத்து நிற்கும் நேரமும் வேலை நேரமே.

லொறியில் பூட்டிய ஜிபிஎஸ் கருவி, வண்டி இரண்டு மணி நேரம் அசையவில்லை என்று முதலாளிக்குச் சொல்லும். முன்னால் எத்தனை வண்டிகள் நின்றன என்று சொல்லாது. அந்தத் தாமதத்துக்காக ஒரு சாரதியை ஒழுக்காற்று நடவடிக்கையாக நீக்கினால்? இலங்கையின் 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்கள், இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். அதற்கும் மேலே தொழில் நியாய சபை இருக்கிறது. நீதியும் நியாயமுமான கட்டளை இட அதற்கு அதிகாரம் உண்டு. அங்கே போகும் சாரதிக்கு, லொறிகள் வந்த நேரமும் உள்ளே போன நேரமும் பதிந்த வாசல் பதிவேடு பெறுமதியான சாட்சி.