தொட்டியில் தேங்கும் நீரும் கணக்கிலிருந்து வடியும் பணமும்

சலவை இயந்திரம் துவைத்து முடித்த பின்னும் தொட்டியில் சோப்பு நீர் வடியாமல் நிற்பதைக் கண்டதும், பலர் உடனே பழுதுபார்ப்பவரின் எண்ணைத் தேடத் தொடங்குகின்றனர். ஆனால் பல நேரங்களில் அது பழுதன்று, வெறும் அடைப்பே. அரை மணி நேரம் ஒதுக்கினால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வெந்நீரில் துவைத்திருந்தால் நீர் ஆறும்வரை காத்திருங்கள்.

குழாயின் நிலை

நீர் வெளியேறும் குழாய், இயந்திரத்திற்கும் சுவருக்கும் இடையே நசுங்கியோ மடிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, அதன் உயரத்தைக் கவனியுங்கள். நம் நாட்டில் விற்பனையாகும் டாப் லோடு, செமி ஆட்டோமேட்டிக் இயந்திரங்கள் பலவற்றில் நீரை வெளியேற்றப் பம்பு கிடையாது. வால்வு திறந்ததும் நீர் பள்ளத்தை நோக்கித் தானாகவே வடியும். ஆகவே குழாய் தரையோடு தாழ்வாகக் கிடக்க வேண்டும். அதைத் தூக்கி வாஷ்பேசினில் மாட்டினால் நீர் வடியாது. ஃபிரண்ட் லோடு இயந்திரங்களில் பம்பு உண்டு. அவற்றில் குழாயின் முனை, கையேடு குறிப்பிடும் உயரத்தில் இருக்க வேண்டும்.

வடிகட்டியில் அடைப்பு

ஃபிரண்ட் லோடு இயந்திரத்தின் முன்புற அடிப்பகுதியில் ஒரு சிறு மூடி இருக்கும். அதனுள் இருப்பதே வடிகட்டி. கீழே பழைய துணியும் தட்டையான பாத்திரமும் வைத்து, அருகில் சிறு குழாய் இருப்பின் அதன் வழியே நீரை வடித்துவிடுங்கள். பின்னர் வடிகட்டியை இடப்புறமாக மெல்லத் திருகி எடுங்கள். சட்டைப்பையில் மறந்த நாணயம், ஹேர்பின், பொத்தான், துணிப் பஞ்சு ஆகியவை அங்கே சிக்கியிருக்கலாம். வடிகட்டியைக் கழுவி மீண்டும் இறுக்கமாகப் பொருத்துங்கள். மாதம் ஒருமுறை இவ்வாறு செய்வது நன்று.

நுரையும் சுமையும்

கையால் துவைப்பதற்கான சோப்புத்தூள் மிகுதியாக நுரைக்கும்; அந்நுரை நீர் வெளியேறுவதைத் தடுக்கும். இயந்திரத்திற்கென விற்கப்படும் தூளை அளவோடு இடுங்கள். நீர் முழுவதும் வடிந்த பின்னும் துணிகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால், சுமை ஒருபுறமாகச் சாய்ந்திருக்கக்கூடும். துணிகளைப் பரப்பிவிட்டு மீண்டும் சுழல விடுங்கள்.

இவற்றுக்குப் பின்னும் நீர் நின்றால் பம்போ வால்வோ பழுதாகியிருக்கலாம். அதற்குத் தொழில்நுட்பரே வர வேண்டும்.

யாரை அழைப்பது?

இங்கேதான் வங்கியாளர் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரில் போலி வாடிக்கையாளர் சேவை எண்களை மோசடியாளர்கள் இணையத்தில் உலவவிடுகின்றனர். அழைத்தால் கனிவாகப் பேசி, 'பதிவுக் கட்டணம் பத்து ரூபாய்தான்' என்று ஒரு இணைப்பை அனுப்புவர்; அல்லது கைப்பேசித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வர். நீங்கள் தட்டும் ரகசிய எண் அவர்கள் கைக்குச் சென்றுவிடும்.

எனவே சேவை எண்ணை உத்தரவாத அட்டை, கையேடு, நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளம் ஆகியவற்றிலிருந்து மட்டுமே எடுங்கள். பழுதுபார்க்க வருபவருக்கு உங்கள் ஓ.டி.பி.யோ, கைப்பேசித் திரையோ தேவையில்லை. பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண்ணை இட வேண்டியதுமில்லை.

பணம் பறிபோனால் தாமதம் கூடாது. உடனே வங்கிக்குத் தெரிவியுங்கள். 1930 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் செய்யுங்கள். வாடிக்கையாளர் தாமே ரகசிய விவரங்களைப் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு அவரையே சாரும் என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. ஒவ்வொரு நிமிடமும் உங்கள் பணமே.

உத்தரவாத அட்டையிலுள்ள எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி, இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். நீர் தேங்கும் நாளில் வேறெங்கும் தேட வேண்டியிராது.