போத்தல் மருந்து ஊற்றினால் இயந்திரம் சுத்தமாகுமா?

செடெனாக் தோட்ட வீட்டில் இருக்கிறீர்களா? அல்லது கூலாய்ப் பக்கம் தாமானில் வீடு வாங்கிக் குடிபோய்விட்டீர்களா? எங்கே இருந்தாலும் உங்கள் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். விடியற்காலைப் பெரட்டுக்கு அப்பா போவது அதில்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், அம்மா கூலாய்க்கு மளிகைச் சாமான் வாங்கப் போவதும் அதில்தான். ஒரு நாள் காலையில் அந்த மோட்டார் உதைக்க உதைக்க எழும்பாமல் படுத்துக்கொண்டால் அன்றைய சம்பளமே போய்விடும்.

இந்தப் பயத்தைத்தான் அந்தச் சின்னப் போத்தல்கள் தேடி வருகின்றன. எண்ணெய் நிலையத்தில் காசு கட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். பட்டறைச் சுவரிலும் தொங்கும். “ஒரு போத்தல் ஊற்றுங்கள் அண்ணே, உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் கரைந்துவிடும், எண்ணெயும் மிச்சமாகும்” என்பார்கள். விலை ஆளுக்கு ஆள், கடைக்குக் கடை மாறும். 25 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. அந்தப் போத்தல் உங்கள் ஒரு நாள் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்கிறது. 2025 செப்டம்பர் கடைசியில் நம் நாட்டவருக்கு வைத்த 1 வெள்ளி 99 காசு விலையில் அதே பணத்துக்குப் பன்னிரண்டரை லிட்டர் பெட்ரோல் கிடைக்கும். மூன்று, நாலு லிட்டர் பிடிக்கும் சின்ன மோட்டாருக்கு அது மூன்று முறை டேங்கி நிரம்பும் கணக்கு.

ஆகவே கேட்டுத்தான் ஆக வேண்டும்: அந்தப் போத்தல் வேலை செய்கிறதா, இல்லையா?

முதலில் அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. பல வகை எண்ணெய்ச் சத்துக்கள் கலந்தது. ஓடி முடித்து இயந்திரத்தை நிறுத்தியதும் உள்ளே சூடு உடனே இறங்குவதில்லை. எண்ணெயைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனையில் ஒட்டியிருக்கும் ஈரம் அந்தச் சூட்டில் காய்ந்து, வார்னிஷ் பூசியது போலப் படிகிறது. தினம் ஒரு பூச்சு. அந்த ஓட்டை மயிரிழை போல நுணுக்கமானது. கொஞ்சம் அடைத்தாலும் போதும், பூவாய்ச் சிதற வேண்டிய எண்ணெய் ஒரு பக்கமாய் ஒழுகும். வண்டி திக்கும், இழுவை குறையும், எண்ணெய் கூடக் குடிக்கும். பழைய கார்பரேட்டர் மோட்டார்களில் இதே கதை வேறு மாதிரி நடக்கும். திருநாளுக்கு ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஓட்டாமல் போட்டுவைத்தால் கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோல் ஆவியாகி, பிசின் மட்டும் தங்கிவிடும்.

இந்தப் பிசினைக் கரைக்கக்கூடிய மருந்து உண்மையிலேயே உண்டு. அதில் பேர் பெற்றது பாலிஈதர் அமீன் என்ற இரசாயனம். செம்பனை எண்ணெய் ஒட்டிய சட்டியைச் சவர்க்காரம் எப்படிக் கழுவுகிறது? சவர்க்காரத் துகளின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கிறது, மறு முனை தண்ணீரோடு போகிறது. இதுவும் அப்படித்தான். ஒரு முனை அழுக்கைப் பிடிக்கும். நீண்ட வால் பெட்ரோலில் கரைந்து அழுக்கை இழுத்துக்கொண்டு போகும். பிறகு எல்லாம் எரிந்து புகையோடு வெளியேறும். ஆனால் கடையில் நிற்கும் எல்லாப் போத்தலிலும் இது இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பல மலிவுச் சரக்குகளில் பெரும்பகுதி மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த கரைப்பான்தான். முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

இந்த வியாபாரத்தில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1970-ஆம் ஆண்டு அமெரிக்காவில் செவ்ரோன் பெட்ரோலில் எஃப்-310 என்ற சுத்தப்படுத்தும் மருந்தைக் கலந்து விற்றார்கள். தொலைக்காட்சி விளம்பரத்தில் காரின் புகைக் குழாயில் ஒரு பெரிய பலூனை மாட்டினார்கள். முதலில் பலூன் கரிப் புகையால் கறுத்தது. ஆறு டேங்கி எஃப்-310 ஓட்டிய பிறகு மாட்டிய பலூனோ பளிங்கு போல இருந்தது! பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு அரசாங்கத்தின் வாணிப ஆணையம் தோண்டிப் பார்த்தது. ‘முன்பு’ என்று காட்டிய காருக்கு வேண்டுமென்றே இயந்திரத்தை அழுக்காக்கும்படி தயாரித்த எண்ணெயை ஊற்றி ஓட்டியிருந்தார்கள்! 1974-இல் அந்த விளம்பரங்கள் மக்களை ஏமாற்றுபவை என்று ஆணையம் தீர்ப்புச் சொன்னது. மருந்து அடியோடு பொய் என்பதல்ல இங்கே விஷயம். அளவுக்கு மீறி அழுக்கான இயந்திரத்தில் அது காட்டிய வித்தையை எல்லா இயந்திரத்திலும் காட்டும் என்று நம்ப வைத்ததுதான் குற்றம். காய்ச்சல் இல்லாதவனுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, காசுதான் போகும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்த மருந்து நீங்கள் வாங்கும் பெட்ரோலிலேயே கொஞ்சம் கலந்துதான் வருகிறது. 1995 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் பெட்ரோலிலும் இப்படிக் கலக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அந்தக் குறைந்தபட்ச அளவு போதவில்லை என்று 2004-இல் டொயோட்டா, ஹொண்டா முதலிய கார் கம்பெனிகள் சேர்ந்து அதைவிடக் கடுமையான ஒரு தரத்தை வகுத்தன. 2016-இல் அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் இரண்டு வகைப் பெட்ரோலையும் சோதித்தது. 6,400 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமான சோதனைக்குப் பிறகு, அந்த உயர்ந்த தரம் இல்லாத பெட்ரோல் வால்வில் 19 மடங்கு அதிகக் கரியைப் படிய விட்டிருந்தது. மருந்துக்குச் சக்தி உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் அது டேங்கிக்கு டேங்கி சிறிது சிறிதாய்ச் சேரும்போது காட்டிய சக்தி. நம் நாட்டிலும் பெரிய கம்பெனிகள் தங்கள் எண்ணெயில் கலந்திருக்கும் மருந்தைச் சொல்லித்தான் விளம்பரம் செய்கின்றன. கால்டெக்ஸ் நிலையங்களில் ‘டெக்ரோன்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இடையில் ஒரு வார்த்தை. “நான் 97-தான் ஊற்றுகிறேன், அது இயந்திரத்தைக் கழுவும்” என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. 95, 97 என்பது எண்ணெய் தானாக வெடித்துத் தட்டாமல் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு. கழுவுவதற்கும் அந்த எண்ணுக்கும் உறவில்லை.

போத்தல் எங்கே பயன்படாது? கார்பரேட்டரின் சின்ன ஜெட் முழுக்க அடைத்துவிட்டால் அதன் வழியே எண்ணெயே போகாது. எண்ணெய் போகாத இடத்துக்கு மருந்து மட்டும் எப்படிப் போகும்? கழற்றிக் கழுவ வேண்டியதுதான். டேங்கிக்குள் துருப் பிடித்திருந்தாலும், மழைத் தண்ணீர் இறங்கியிருந்தாலும் இந்த மருந்து அதைப் போக்காது. புதுக் கார்கள் சிலவற்றில் எண்ணெயை வால்வின் முதுகில் தெளிக்காமல் நேரே எரியும் அறைக்குள் தெளிக்கிறார்கள். அவற்றின் வால்வில் படியும் கரியைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. டேங்கியில் எத்தனை போத்தல் ஊற்றினாலும் அந்தக் கரி அப்படியே இருக்கும்.

நானும் ஏமாந்தவன்தான். என் பழைய கஞ்சில் மேட்டில் ஏறத் திணறியது. கடைக்காரர் பேச்சைக் கேட்டு இரண்டு மாதத்தில் மூன்று போத்தல் ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக ஓடுவது போல எனக்கே தோன்றியது. காசு செலவழித்தவன் காதுக்கு அப்படித்தானே கேட்கும்? கடைசியில் வேறொரு பட்டறைக்காரர் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டிக் காட்டினார். செம்மண் ஒரு கைப்பிடி விழுந்தது! புது வடிகட்டி போட்ட அன்றே வண்டி மேடு ஏறியது. தோட்டத்து லாட்டரைட் சாலையில் ஓடும் வண்டிக்கு முதல் எதிரி தூசுதான்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இன்ஜெக்டர் கார் திக்குகிறது. பிளக், காற்று வடிகட்டி எல்லாம் சரி பார்த்தாயிற்று. அப்போது பாலிஈதர் அமீன் உள்ள ஒரு நல்ல போத்தலை ஊற்றிப் பார்க்கலாம். இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவும் கூலியைவிட அது குறைவு. முதலில் மருந்து, பிறகு டேங்கி நிறைய எண்ணெய். மோட்டார் சைக்கிளுக்கு முழுப் போத்தலைக் கவிழ்த்துவிடாதீர்கள். 60 லிட்டருக்கு 300 மில்லி என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 5 மில்லிதான். நாலு லிட்டர் டேங்கிக்குக் காய்ச்சல் மருந்துக் கரண்டியில் நாலு கரண்டி. கூட ஊற்றினால் எரியாத மிச்சம் கீழே இறங்கி இயந்திர எண்ணெயோடு கலந்து அதன் வழவழப்பைக் கெடுக்கும். ஆகவே இயந்திர எண்ணெய் மாற்றும் நாளுக்குக் கொஞ்சம் முன்பு மருந்து ஊற்றுவது புத்திசாலித்தனம்.

‘எண்ணெய் மிச்சம்’ என்று சத்தியம் செய்கிறவர்களிடம் மட்டும் விலகியே இருங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா இப்படி மிச்சம் பிடிப்பதாகச் சொன்ன நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் மருந்துகளையும் பரிசோதித்தது. ஏதோ சிலதான் சிறிதளவு பலன் காட்டின. நம் தமிழர்களுக்கு இந்த ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இராசபாளையம் பக்கத்து இராமர் பிள்ளை கதையே போதும். மூலிகையையும் தண்ணீரையும் கொண்டு பெட்ரோல் செய்வதாக 1996-இல் அவர் சொன்னபோது இந்தியாவே திரும்பிப் பார்த்தது. பிறகு அவர் விற்ற மூலிகை எரிபொருள் பற்றி வழக்கு நடந்து, 2016-இல் எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இனி டீசல். லோரி, டிரேக்டர் ஓட்டும் அண்ணன்மார்களே, இது உங்களுக்கு. தீபகற்பத்தில் 2024 ஜூன் 10 அன்று டீசல் விலை 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது முதல், டீசல் மருந்து விற்பவர்களின் பேச்சும் கூடிவிட்டது. வாங்குவதற்கு முன் உங்கள் டேங்கிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியுமா? நீங்கள் வெட்டி ஏற்றும் அதே செம்பனைக் குலையின் எண்ணெய்! நம் நாட்டில் செம்பனை டீசல் ஆராய்ச்சி 1982-இலேயே தொடங்கிவிட்டது. 2011-இல் நூற்றுக்கு 5 பங்கு கலந்து விற்கத் தொடங்கினார்கள். பிறகு 7 பங்கு. 2019 பிப்ரவரியில் வாகன டீசலுக்கு 10 பங்கு.

இந்தச் செம்பனைச் சரக்கே ஒரு கரைப்பான். பழைய டேங்கியின் அடியில் வருடக் கணக்கில் படிந்த சேற்றை அது கிளப்பிவிடும். கிளம்பிய சேறு நேரே வடிகட்டியில் போய் அடைக்கும். ஏற்கெனவே கழுவிக்கொண்டிருக்கும் எண்ணெயில் இன்னொரு கழுவும் மருந்தையும் ஊற்றினால் வடிகட்டி இன்னும் சீக்கிரம் அடைக்கும். பழி மருந்தின் மேலும் விழும், செம்பனையின் மேலும் விழும். சாதாரண டீசலைவிட இது தண்ணீரையும் அதிகம் ஈர்க்கும். மழைக்காலத்தில் பாதி டேங்கியோடு வாரக் கணக்கில் நிற்கும் டிரேக்டரில் அந்தத் தண்ணீர் அடியில் சேர்ந்து, பூசணமும் வளரும்.

பல டீசல் வண்டிகளில் வடிகட்டியின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். வாரம் ஒரு முறை, காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பு, அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியே நிற்கும். அது நிற்கும்வரை வடியவிட்டு, சுத்தமான டீசல் வந்ததும் திருகை இறுக்குங்கள். பிடித்ததைப் புல்லில் ஊற்றாதீர்கள். பழைய எண்ணெய்த் தோம்பில் சேருங்கள்.