சிசுக்களைப் பற்றும் சோகை

நமது தேசத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர் சோகை கண்டவர்கள் என்று 2019-21ஆம் வருஷங்களில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது. 2015-16இல் இத்தொகை 59ஆக இருந்தது. சோற்றுக்குப் பஞ்சமில்லாத தமிழ்நாட்டிலும் 57 பேருக்கு இக்குறை காணப்பட்டது. வயிறு நிறைந்தால் ரத்தம் தானே ஊறிவிடும் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய மயக்கம் என்பதை நமது வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

இந்நோய் பெரும்பாலும் தொட்டிலில் தொடங்குவதன்று, கர்ப்பத்திலேயே தொடங்குவது. பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதங்களிலேதான் சிசு தன் இரும்புச் சத்தில் பெரும் பகுதியைத் தாயிடமிருந்து சேமித்துக்கொள்ளுகிறது. அச்சேமிப்பு சுமார் ஆறு மாதங்களுக்குப் போதும். குறைமாதத்திலும் குறைந்த எடையிலும் பிறந்த குழந்தைகளுக்கும், கடுஞ் சோகையுள்ள தாயின் குழந்தைக்கும் அந்த ஆஸ்தி குறைவு. பிறந்தவுடன் தொப்புள்கொடியை அவசரப்பட்டுக் கட்டினால், சேயைச் சேரவேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு வீணாகிறது. ஆபத்தில்லாத பிரசவங்களில் ஒரு நிமிஷமேனும் பொறுத்தல் வேண்டும் என்பது இன்றைய வைத்திய சாஸ்திரத்தின் முடிவு.

ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பால் மட்டும் போதாது. வெறும் அரிசிக் கஞ்சியும் அக்குறையைத் தீர்க்காது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குப் பசும்பாலைப் பிரதான ஆகாரமாக்குவதும் தவறு. அதில் இரும்பு மிகச் சொற்பம். சில சிசுக்களுக்குக் குடலில் ரத்தக் கசிவையும் அது உண்டாக்கும். தேநீரோ உண்ட இரும்பையும் உடலில் சேரவிடாது. நடக்கத் தொடங்கிய குழந்தையை அசுத்த மண்ணிலுள்ள கொக்கிப்புழு பற்றி ரத்தத்தை உறிஞ்சுகிறது.

மூளை அதிவேகமாக வளரும் பருவம் முதல் இரண்டு வருஷங்கள். அப்பொழுது நேரும் நஷ்டத்தைப் பின்னர் கொடுக்கும் மருந்து முற்றிலும் ஈடுசெய்யும் என்பதற்கில்லை.

2018இல் தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' திட்டப்படி, இவ்வயதுக் குழந்தைகளுக்கு வாரம் இருமுறை இரும்புச் சத்து மருந்து அளிக்கவேண்டும். கிடங்கில் அடுக்கிய புட்டிகளால் எந்தக் குழந்தைக்கும் ரத்தம் ஊறாது. தம் ஊர் அங்கன்வாடியில் அது கிடைக்கிறதா என்று விசாரிப்பது பொதுஜன ஊழியர்களின் கடமை. ஆனால் அதற்கும் முந்திய கடமை ஒன்றுண்டு. கீரையும் பருப்பும் முட்டையும் மீனும் ஆண்களின் இலையில் முடிந்துபோக, மிச்சத்தைக் கர்ப்பிணி உண்ணும் வழக்கம் நீடிக்கும் வரையில் எத்திட்டமும் முழுப் பலன் தராது. மேடையில் தேச க்ஷேமம் பேசும் ஒவ்வொருவரும், முதலில் தம் வீட்டுப் பந்தியின் வரிசையை மாற்றுவாராக!