ஏலக்காய் ஸ்டோருக்கு ஏற்ற விறகு அடுப்பு

போடிநாயக்கனூருக்கு மேற்கேயுள்ள மலைகளில் ஏலக்காய் பறிக்கும் காலத்தின் பெரும் பகுதி மழையிலேயே கழிகிறது. ஆதலால் வெயிலை நம்பிக் காயை உலர்த்துவதற்கில்லை. வெயில் கிடைத்தாலும், அதில் பல தினங்கள் கிடக்கும் காய் வெளுத்துப்போகும். பச்சை நிறம் மாறாத காய்க்கே நல்ல விலை உண்டென்பது ஏல விவசாயிகள் யாவரும் அறிந்த விஷயம். வருஷம் முழுவதும் பாடுபட்ட பயிரின் விலை, ஸ்டோர் என்று வழங்கும் உலர்த்தும் அறையில் ஓர் இரவிலும் ஒரு பகலிலும் நிச்சயமாகிவிடுகிறது. ஆகவே அந்த அறைக்கு எவ்வித அடுப்பு அமைப்பது என்பதை நன்கு ஆலோசித்தே முடிவு செய்தல் வேண்டும்.

100 கிலோ பச்சைக்காயில் சுமார் 80 கிலோ தண்ணீரே இருக்கிறது. உலர்ந்தபின் எஞ்சுவது 20 முதல் 22 கிலோ வரைதான். இவ்வளவு நீரும் 45 முதல் 50 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் நிதானமாக வெளியேற வேண்டும். உஷ்ணம் மிகுந்தால் காய் பழுப்பேறி வெடிக்கும். வாசனைத் தைலமும் ஆவியாகிவிடும். குறைந்தாலோ காய் புழுங்கி நிறம் கெடும். எனவே அடுப்பு எவ்வளவு பெரிதாக எரிகிறது என்பதல்ல, எவ்வளவு சீராக எரிகிறது என்பதே கவனிக்கத்தக்கது. சுவரில் ஒரு வெப்பமானி மாட்டாமல் கையால் தொட்டு உஷ்ணம் சொல்லுகிறவர்கள் இன்னும் உளர். அவர்களுடைய கைராசி நள்ளிரவுக்குப் பின் தூக்கத்தோடு போய்விடுவதைப் பலர் கண்டிருக்கலாம்.

அறைக்குள்ளேயே நெருப்பு மூட்டும் முறை செலவு குறைந்தது. ஆயினும் முற்றிலும் விலக்கத்தக்கது. புகை காயில் படிந்து மணத்தைக் கெடுக்கும். அதனினும் கொடிது கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு. அதற்கு நிறமுமில்லை, வாடையுமில்லை. குளிருக்கு அஞ்சி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுக்கும் காவலாள் காலையில் எழுந்திராமலே போகக்கூடும்.

சிறு விவசாயிக்கு ஏற்றது புகைக்குழாய் முறை. இதில் அடுப்பு வெளிச்சுவரை ஒட்டிச் செங்கல்லால் கட்டப்படும். அதிலிருந்து புறப்படும் இரும்புக் குழாய் அறையின் தரைமட்டத்தில் சுற்றிச் சென்று, கூரைக்கு மேல் உயர்ந்த புகைபோக்கியில் முடியும். புகை குழாய்க்குள்ளேயே போய்விடுவதால் காய்க்குக் கிட்டுவது சுத்தமான அனல் மாத்திரமே. அடுக்கடுக்கான கம்பிவலைத் தட்டுகளில் காயை மெல்லிதாகப் பரப்ப வேண்டும். காற்று நுழையச் சுவரின் அடியிலும், ஈரக்காற்று வெளியேற மேல்பாகத்திலும் துவாரங்கள் அவசியம். அனல் வீணாகிறதென்று எண்ணி, ஈரக்காற்று வெளியேறாதபடி மேல்துவாரத்தை அடைத்தே வைத்தால் காய் கெடும். நீர் கணிசமாக வெளியேறிய பிறகுதான் அதைச் சிறிது சிறிதாக மூட வேண்டும். குழாயில் துரு ஏறி ஓட்டை விழுந்தால் முன் சொன்ன நச்சு வாயு உள்ளே வரும். பருவத்திற்குப் பருவம் குழாயைச் சோதித்தே நெருப்பு மூட்ட வேண்டும். எப்படியாயினும் அறைக்குள் எவரும் படுக்கலாகாது.

மின்சார விசிறியால் அனற்காற்றை உள்ளே செலுத்தும் இயந்திரங்களும் இக்காலத்தில் உண்டு. இவை விரைவில் உலர்த்தும், விறகும் குறையும்; ஆனால் மின்சாரம் நின்றுபோனால் மாற்றுவழி வேண்டும்.

விறகு விஷயம் தனியே சொல்லத்தக்கது. 100 கிலோ காயிலுள்ள நீரை ஆவியாக்கக் கணக்குப்படி 13 கிலோ உலர்ந்த விறகின் உஷ்ணமே போதும். நடைமுறையில் அதைப்போல் பல மடங்கு எரிகிறது. மிகுதியெல்லாம் புகைபோக்கி வழியாகவும், அடுப்புக் கதவின் இடுக்கு வழியாகவும், மெல்லிய கூரை வழியாகவும் போய்விடுகிறது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீராதலால் அதை எரிப்பது தண்ணீரைக் காய்ச்சுவதற்கே சமானம். முன்கோடையிலேயே வெட்டிப் பிளந்து, கொட்டகையில் அடுக்கி வைத்தல் நலம். ஏலச்செடி நிழலில் வாழ்வது. விறகுக்காக நிழல்மரத்தை வெட்டுகிறவர் இவ்வருஷத்துக் காயை உலர்த்த வரும் வருஷத்துக் காயை எரிக்கிறார்.

அரை ஏக்கர், ஓர் ஏக்கர் உள்ளவர்கள் தனித்தனியே ஸ்டோர் கட்டுவது அனாவசியம். பாதி நிரம்பிய அறைக்கும் முழு அறைக்கும் ஏறத்தாழ ஒரே விறகுதான் செலவாகும். பறித்த காயை 24 மணி நேரத்திற்குள் அடுப்பேற்றுவது உத்தமமாதலால், பறிப்பதற்கு முன்பே முறைவரிசையைச் சங்கத்தின் புத்தகத்தில் பதிந்துகொள்ளல் வேண்டும். தட்டுதோறும் அங்கத்தினரின் இலக்கம் எழுதிய சீட்டுக் கட்டப்பட வேண்டும். மழையில் நனைந்த காயை அப்படியே நிறுத்துக் கூலி விதித்தால், பின்னர் உலர்காய் குறைந்ததென்று சச்சரவு எழும். நீரை நன்கு வடித்த பிறகு, காய்க்கு உடையவர் முன்னிலையில் நிறுத்து, எடையை அவர் கையொப்பத்தோடு பதிவு செய்வது முறை.