சிற்றுரு மாதிரிகளில் நீர் ஒட்டுப்படம்

டெக்கால் எனப்படும் நீர் ஒட்டுப்படம், சிற்றுரு மாதிரிகளில் சின்னங்களையும் எழுத்துகளையும் பதிக்க உதவும் மெல்லிய அச்சுப்படலம். டெக்ஸ்ட்ரின் என்ற, நீரில் கரையும் பசை பூசிய தாளின்மேல் இப்படலம் இருக்கும். நனைந்ததும் பசை இளகி, படம் தாளைவிட்டு வழுக்கி வரும்.

இந்திய விமானப்படை 1950 முதல் பயன்படுத்தும் காவி, வெள்ளை, பச்சை வட்டச்சின்னம் 1:72 அளவுச் சிறு போர்விமானத்தில் சட்டைப் பொத்தான் அளவுதான். மூன்று வளையங்களையும் கையால் பிசகாமல் தீட்டுவது எளிதல்ல; அதனால்தான் ஒட்டுப்படம்.

பலரும் தவறுவது ஒட்டுவதில் அல்ல, அடியிலுள்ள வண்ணத்தில். பளபளப்பற்ற வண்ணப்பரப்பு நுண்ணிய மேடுபள்ளம் உடையது. அங்கே காற்று சிக்கினால் படலம் வெள்ளிபோல் மின்னி, ஒட்டியது காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே முதலில் பளபளப்பான வார்னிஷ் பூசி நன்கு உலரவிட வேண்டும்.

வெட்டியெடுத்த படத்தை வெதுவெதுப்பான நீரில் சில நொடிகள் நனைத்து, தாளோடு வெளியே வைக்க வேண்டும். நீரிலேயே ஊறவிட்டால் பசை போய்விடும். ஓரிரு நிமிடத்தில் படம் அசையத் தொடங்கும். மாதிரியின்மேல் ஒரு சொட்டு நீர் விட்டு, ஈரத் தூரிகையால் படத்தைத் தள்ளி, இடம் பார்த்து நிறுத்தி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீரை ஒற்றியெடுக்கலாம்.

வளைவுகளில் படிவதற்கு மென்மையாக்கும் திரவம் தடவுவர். அப்போது படலம் சுருங்கக்கூடும். பதறித் தொட்டால் கிழியும். விட்டுவிட்டால் உலரும்போது பெரும்பாலும் தானே படிந்துவிடும். மறுநாள் பளபளப்பற்ற வார்னிஷ் பூசினால் படலத்தின் விளிம்பும் கண்ணுக்குத் தெரியாது.