வீழ்ந்து கிடப்பவருக்கும் திரை வேண்டும்

நம் வீடுகளில் மரணம் நேர்ந்தால், மையித்தைக் குளிப்பாட்டும் இடத்தைச் சுற்றித் திரை கட்டுகிறோம். குளிப்பாட்டுவோரையும் அவர்களுக்கு உதவுவோரையும் தவிர வேறெவரும் உள்ளே நுழைவதில்லை. மறைக்க வேண்டிய பகுதியின் மேல் துணி கிடக்க, அத்துணியின் மீதே நீர் வார்க்கிறார்கள். அப்போது கண்ணில் பட்ட குறை எதையும் வெளியில் சொல்லலாகாது என்பது மார்க்கம் கற்றுத் தந்த ஒழுக்கம். எழுத்தறியாத நம் மூதாட்டிகள்கூட இந்த அமானிதத்தைப் பேணி வந்தார்கள்.

அதே மனிதர் நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடந்தால் திரை கட்டுவார் யார்? ஆடை விலகி, குருதி தோய்ந்த முகத்தோடு அவர் கிடக்க, சுற்றி நிற்போரின் கைகளில் செல்போன்கள் உயர்கின்றன. ஆம்புலன்ஸ் வந்து சேருமுன்பே அப்படம் வாட்ஸ்அப் குழுக்களில் ஊர் சுற்றிவிடுகிறது. சில வேளைகளில், அடுப்படியில் நிற்கும் அவருடைய மனைவியின் கைக்கே அது போய்ச் சேர்கிறது. மௌத்துச் செய்தியை எவ்வளவு பக்குவமாக, எவ்வளவு தயங்கித் தயங்கிச் சொல்லிப் பழகிய சமுதாயம் நாம்!

"பொது இடத்தில் நடப்பதைப் படமெடுக்க யார் தடை சொல்வது?" எனக் கேட்போர் உண்டு. அக்கேள்வியில் ஓரளவு நியாயமும் உண்டு. பொதுச் சாலையில் நடப்பதைப் படமெடுக்கவே கூடாது என்று கூறும் பொதுவான சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. ஆயினும் அந்த உரிமைக்கு எல்லைகள் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஒருவரின் உடலில் மறைக்க வேண்டிய பகுதியை அவருடைய சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி குற்றமாகும். மூன்றாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. இடம் பொது இடமா, தனி இடமா என்று இப்பிரிவு பார்ப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவோருக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு ஈராண்டு வரை சிறை விதிக்கிறது. இனி, படமெடுக்கும் ஆவலில் வண்டியை நடுச்சாலையில் நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு வழி மறித்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

ஜெர்மனி இவ்விஷயத்தில் நம்மைக் காட்டிலும் வெகுதூரம் சென்றுவிட்டது. ஒருவரின் நிர்க்கதியான நிலையைக் காட்சிப்பொருளாக்கும் படத்தை எடுப்பதே அங்கு 2015 முதல் குற்றம். 2021 ஜனவரியில் இச்சட்டம் இறந்தோருக்கும் விரிவாக்கப்பட்டது. தண்டனை ஈராண்டு வரை சிறை அல்லது அபராதம். 2019ல் அந்நாட்டு நெடுஞ்சாலையொன்றில் விபத்தைப் படமெடுத்தபடி சென்ற லாரி ஓட்டுநரைக் காவல் அதிகாரி ஒருவர் நிறுத்தி, இறந்தவரை அருகில் வந்தே பார்க்கலாமே என்று அழைத்தார். கேமரா வழியே பார்க்கத் துணிந்தவருக்கு நேரில் பார்க்கும் துணிவு வரவில்லை!

நம்மவர் பலர் கல்நெஞ்சர் அல்லர். அடிபட்டவரைத் தொட்டால் போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமே என்ற பழைய அச்சம்தான் அவர்களை எட்டி நிற்க வைக்கிறது. எட்டி நிற்கும் கைக்கு வேலை வேண்டுமே. அது கேமராவைத் தேடுகிறது. இந்த அச்சத்திற்கு இன்று இடமில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கிறது. பெயரையும் முகவரியையும் கூறுமாறு உதவியவரை வற்புறுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்கீழ், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. ஓர் உயிரைக் காப்பதை மனித குலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பாகத் திருமறை கூறுவதை அறிந்த நாம், முதலில் அழைக்க வேண்டியது 108.

படமே கூடாது என்று சொல்லிவிடவும் இயலாது. மோதிவிட்டுத் தப்பியோடும் வண்டியின் எண் பலகை, வண்டிகள் கிடந்த நிலை, சாலையில் பதிந்த டயர்த் தடம் ஆகியவற்றின் படங்கள் பின்னாளில் இழப்பீட்டு வழக்கில் அந்தக் குடும்பத்திற்குப் பெருந்துணையாகலாம். அதிகாரம் படைத்தவர் எளியவரை அடித்து வீழ்த்தும் காட்சியைப் பதிவு செய்வதும் சாட்சியமே. ஆனால் சாட்சியம் செல்ல வேண்டிய இடம் காவல் நிலையமும் நீதிமன்றமுமே தவிர, மஹல்லாவின் வாட்ஸ்அப் குழு அன்று. எடுத்தவர் அழிக்காமல், திருத்தாமல் வைத்திருந்து, உரிய அதிகாரியிடமோ குடும்பத்தாரிடமோ ஒப்படைக்கட்டும்.

அடிபட்டவர் யாரென்றே தெரியாதபோது, "உறவினரைக் கண்டுபிடிக்கத்தானே பரப்பினோம்" என்பார்கள். அதற்குக் காயம்பட்ட முகம் தேவையில்லை. சட்டைப்பையிலுள்ள அடையாள அட்டையும் செல்போனும் போலீஸாரின் கையில் சேர்ந்தால் போதும். வீட்டாருக்கு அவர்கள் தெரிவிப்பார்கள். அருகில் நிற்கும் சகோதரிகள் தங்கள் துப்பட்டியையும், ஆண்கள் தோள் துண்டையும் விரித்து நாற்புறமும் பிடித்து நிற்கலாம். அடிபட்டவர் எந்தச் சமயத்தவராயினும் இதில் வேறுபாடில்லை.